5 மில்லிமீட்டர் எங்கே போகிறது? கால் ரத்தக்குழாய் ஸ்டென்ட் முன்னால் தாவுவது பற்றி ஒரு கேள்வி

தறிவீடு, குடியாத்தம்

எல்லோருக்கும் வணக்கம். பயோமெடிக்கல் இன்ஜினியரிங் முதுகலை இறுதி ஆண்டில் இருக்கிறேன். கால் ரத்தக்குழாயில் ஸ்டென்டைக் (அடைப்பை அகட்டி வைக்கும் வலைக்குழாய்) குறித்த இடத்தில் பிசகாமல் விடுவிப்பதுதான் என் புராஜெக்ட். இந்தத் தலைப்பை எடுத்ததற்குக் காரணம் என் நைனா (அப்பா).

நைனாவுக்கு 58 வயது. கைலி நெய்கிறார். 30 வருடப் பீடி, 12 வருடச் சர்க்கரை. போன வருடம் ஆடி மாதம் இடது கெண்டைக்கால் பிடித்துக்கொள்ள ஆரம்பித்தது. வீட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டு போவதற்குள் மூன்று இடத்தில் நிற்பார். நின்றால் வலி போய்விடும், நடந்தால் திரும்ப வந்துவிடும். வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆஞ்சியோ எடுத்தார்கள். தொடையில் இறங்கும் மேல் தமனி, அது பிரிகிற வாயிலிருந்தே 9 செ.மீ. நீளத்துக்கு அடைத்திருந்தது. வலது கவட்டையில் துளை போட்டு, பெருந்தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில் ஏறித் திரும்பி, இடது காலுக்குள் இறங்கினார்கள். 6 மி.மீ. விட்டம், 100 மி.மீ. நீளம் உள்ள, தானாக விரியும் நிட்டினால் உலோக ஸ்டென்ட். விடுவித்தபோது நினைத்த இடத்துக்கு 5 மி.மீ. கீழே போய் உட்கார்ந்துவிட்டது. அடைப்பின் மேல் நுனி மூடப்படாமல் நின்றதால் அங்கே இன்னொரு சின்ன ஸ்டென்ட் வைத்தார்கள். இரண்டாவதற்கு நாங்கள் பணம் எடுத்து வைக்கவில்லை. ஒரு தறி போயிற்று.

நைனா இப்போது நன்றாக நடக்கிறார். இந்த வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசு ஊர்வலத்தைப் பார்க்க கோபாலபுரம் வரை நிற்காமல் நடந்தார். அதனால் யார் மீதும் புகார் சொல்ல நான் வரவில்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்த சிடியை நூறு தடவையாவது பார்த்திருப்பேன். டாக்டரின் கை அசைந்த மாதிரி தெரியவே இல்லை. அப்படியிருக்க அந்த 5 மி.மீ. எங்கிருந்து வந்தது?

தறி இருந்த இடத்தில் ஒரு சோதனை மேசை போட்டிருக்கிறேன். 8 மி.மீ. உள்விட்டம் உள்ள சிலிகான் குழாயை யு வடிவில் வளைத்து, அதன் முடிவில் 5 மி.மீ. குழாயை இணைத்திருக்கிறேன். உள்ளே தண்ணீர், மீன் தொட்டி ஹீட்டரால் 37 டிகிரியில் ஓடுகிறது. மேலே செல்போன் கேமரா, குழாயின் அடியில் ஒட்டிய ஸ்கேல். தேதி முடிந்த டெமோ டெலிவரி சிஸ்டம் (சுருக்கிய ஸ்டென்டை உறைக்குள் வைத்துக் கொண்டுபோகும் நீளக் குழாய்) ஒன்று டிபார்ட்மென்ட் வழியாகக் கிடைத்தது. கட்டைவிரலால் சக்கரத்தை உருட்டினால் வெளி உறை பின்னால் வரும் வகை. விடுவித்த ஸ்டென்டை ஐஸ் தண்ணீரில் நனைத்துச் சுருக்கி, புனல் வழியாக இழுத்து மறுபடி உறைக்குள் ஏற்றுகிறேன்.

நேர்க் குழாயில் 10 தடவை செய்தேன். 1 முதல் 2 மி.மீ. வரை முன்னால் போகிறது. யு வளைவில் 10 தடவை. 4 முதல் 7 மி.மீ.! அதோடு இன்னொன்றும் கவனித்தேன். வளைவில் இருக்கும்போது சக்கரத்தை உருட்டினால், கைப்பிடிப் பக்கம் உறை 9 மி.மீ. பின்னால் வந்த பிறகுதான் நுனிப் பக்கம் அசையவே ஆரம்பிக்கிறது.

சக்கரத்தை எடுத்துவிட்டு ஸ்டெப்பர் மோட்டாரும் திருகுத் தண்டும் வைத்து, கைப்பிடியை 0.1 மி.மீ. துல்லியத்தில் ஓட்டலாம் என்பது என் திட்டம். என் புராஜெக்ட் கைடும் சரி என்கிறார். பாகங்கள் வாங்குவதற்கு முன், இதைத் தினமும் கையில் பிடிப்பவர்கள் யாராவது சொல்லுங்கள். மோட்டார் போட்டால் இந்தத் தாவல் குறையுமா?

சத்துவாச்சாரி எலெக்ட்ரானிக்ஸ்

மோட்டார், டிரைவர் போர்டு, திருகுத் தண்டு எல்லாம் என் கடையிலேயே இருக்கிறது தங்கச்சி. புராஜெக்டுக்கு என்றால் வாங்கிய விலைக்கே தருகிறேன். ஆனால் நுனி எங்கே இருக்கிறது என்று மோட்டாருக்கு யார் சொல்வார்கள்? அதற்கு வழி இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு வாங்கு.

கேத் லேப் 16 வருடம், ஆற்காடு

அம்மா, உன் கேள்வியைக் காலை டூட்டிக்குப் போகும்போது பாலாற்றுப் பாலத்தில் பஸ் நின்ற நேரத்தில் படித்தேன். நாள் முழுக்க அதே நினைப்பு. நான் டாக்டர் இல்லை, கேத் லேப் (ரத்தக்குழாய்க்குள் குழாய் விட்டு வைத்தியம் செய்யும் அறை) டெக்னீஷியன். ஆனால் 16 வருடமாக டாக்டருக்குப் பக்கத்தில் நின்று, சிஸ்டம் ஏறிப் போகும் கம்பியான கைடு வயரின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டிருப்பவன். இந்தத் தாவலை நிறையப் பார்த்திருக்கிறேன்.

டாக்டரின் கை அசையவில்லை என்று எழுதியிருக்கிறாய். அது உண்மையாகவே இருக்கும். கை அசையாமலே ஸ்டென்ட் நகரும். வெளியே கைப்பிடிக்கும் உள்ளே ஸ்டென்டுக்கும் நடுவில் ஒரு மீட்டருக்கு மேல் குழாய் கிடக்கிறது. டெலிவரி சிஸ்டத்தை உள்ளே தள்ளிக்கொண்டே போகும்போது அந்தக் குழாய் முழுக்க ஒரு தள்ளல் சேர்ந்துவிடும். டாக்டர் தள்ளுவதை நிறுத்தினாலும் அது போகாது, வளைவுகளில் ஒளிந்திருக்கும். அப்புறம் உறையை இழுக்க ஆரம்பித்ததும் ஒளிந்திருந்தது வெளியே வந்து நுனியை முன்னால் தள்ளிவிடும். 

கை பழகிய டாக்டர்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? வைக்க வேண்டிய இடத்தைத் தாண்டி ஒன்றிரண்டு செ.மீ. கீழே போய்விட்டு, அங்கிருந்து மெதுவாகப் பின்னால் இழுத்து இடத்துக்கு வருவார்கள். முன்னால் தள்ளி வந்து நிறுத்தினால் குழாய்க்குள் தளர்ச்சி தங்கும். பின்னால் இழுத்து வந்து நிறுத்தினால் அது வெளியேறிவிடும். படத்தில் இரண்டுமே ஒரே இடம்தான். விடுவிக்கும்போதுதான் வித்தியாசம் தெரியும். உன் மேசையில் இதை முதலில் செய்து பார். காசு செலவே இல்லை.

அடுத்தது, வெளியே கிடக்கும் பகுதி. நோயாளியின் தொடையிலிருந்து டாக்டரின் கை வரை சிஸ்டம் கயிறு கட்டிய மாதிரி நேராக இருக்க வேண்டும். அது தொய்ந்து ஒரு வளைவு போட்டிருந்தால், உறையை இழுக்கும்போது முதலில் அந்த வளைவுதான் நிமிரும், நுனிக்கு ஒன்றும் போய்ச் சேராது. கவட்டைத் துளையில் நுழைத்து வைத்திருக்கும் வழிக்குழாய்தான் ஷீத். அதன் வாயருகே இடது கையால் பிடித்துக்கொள்வது என் வேலை. பிடி கொஞ்சம் தளர்ந்தால் டாக்டர் திரையைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்.

விடுவிப்பதிலும் இரண்டு வேகம் உண்டு. முதல் ஒரு செ.மீ. மிக மிக மெதுவாக. சக்கரத்தில் இரண்டு பல், நிறுத்தம், எக்ஸ்ரே. மறுபடி இரண்டு பல். ஸ்டென்டின் முன் நுனி மலர்ந்து ரத்தக்குழாய்ச் சுவரைக் கவ்வும் வரை இப்படித்தான். கவ்வாத வரை லேசாகப் பின்னால் இழுத்துச் சரிசெய்யலாம். கவ்விவிட்டால் அப்புறம் இழுக்கக் கூடாது. இழுத்தால் சுவர் கீறும், இல்லையென்றால் ஸ்டென்ட் நீளும். கவ்வியதும் மிச்சத்தைச் சீராக விட்டுவிடலாம்.

இதையெல்லாம் விட அதிகமாக நான் பார்த்த தவறு வேறு. அது எந்திரத்தில் இல்லை, படத்தில். எக்ஸ்ரே குழாய் மேசைக்கு அடியில் இருக்கிறது, படம் பிடிக்கும் பெட்டி மேலே. நோயாளியின் காலுக்கு அடியில் வைக்கிற ஸ்கேலும் தொடைக்குள் இருக்கிற தமனியும் ஒரே உயரத்தில் இல்லை. வைக்க வேண்டிய இடம் திரையின் நடுவில் இருந்தால் கவலையில்லை. ஓரத்தில் வைத்துக்கொண்டு ஸ்கேலில் எண்ணைப் படித்தால் நாம் படிக்கும் எண் பொய். எக்ஸ்ரே கருவியைத் தாங்கும் சி ஆர்மைக் கொஞ்சம் சாய்த்தாலே எண் மாறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

அதே மாதிரி ரோடு மேப். எக்ஸ்ரேயில் ரத்தக்குழாயைக் காட்டும் மருந்து செலுத்தி எடுத்த படத்தை அடியில் வைத்துக்கொண்டு மேலே கம்பியை ஓட்டுவோம். அது எடுத்த பிறகு நோயாளி காலை அசைத்துவிட்டால் படத்தில் இருக்கிற ரத்தக்குழாய் வேறு, காலில் இருக்கிறது வேறு. விறைப்பான கம்பி உள்ளே போனால் வளைந்து கிடந்த தமனியே நிமிர்ந்துவிடும். அதனால் சிஸ்டம் இடத்துக்கு வந்த பிறகு இன்னொரு தடவை மருந்து செலுத்திப் படம் எடுக்க வேண்டும். சிறுநீரகம் கெட்டுப்போன சர்க்கரை நோயாளிக்கு மருந்தைக் குறைக்கப் பார்ப்போம், அப்போது இந்த இரண்டாவது படத்தைத் தவிர்க்கிற ஆசை வரும். நைனாவின் சிடியில் விடுவிப்பதற்குச் சற்று முன்னால் இப்படி ஒரு படம் இருக்கிறதா பார். பழி சொல்ல இல்லை, உன் கணக்குக்காக.

நைனா பீடியை விட்டுவிட்டாரா? ஸ்டென்ட் எத்தனை துல்லியமாக உட்கார்ந்தாலும் பீடி இருந்தால் ஒரு வருடத்தில் திரும்ப எங்கள் மேசைக்கே வருகிறார்கள். குடியாத்தம், ஆம்பூர், பேரணாம்பட்டு என்று ஊர் பேர் மாறும், கதை மாறாது. தயவுசெய்து கேட்டுச் சொல்.

தறிவீடு, குடியாத்தம்

அண்ணா, மிக்க நன்றி. பீடியை ஆபரேஷன் அன்றோடு விட்டுவிட்டார், சத்தியமாக. சிடியைப் பார்த்தேன். விடுவிப்பதற்கு முன் இரண்டாவது படம் இருக்கிறது, கால் அசையவும் இல்லை. அப்படியென்றால் படத்தின் தவறு இல்லை.

தாண்டிப் போய்ப் பின்னால் இழுத்து வந்து நேற்று 10 தடவை செய்தேன். யு வளைவில் 4 முதல் 7 ஆக இருந்தது 2 முதல் 4 ஆகிவிட்டது. ஒரு பைசா செலவில்லாமல் பாதி போய்விட்டது. எனக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை. ஆனால் இது ஏன் நடக்கிறது என்று அறிக்கையில் எழுத வேண்டுமே. தளர்ச்சி என்றால் எத்தனை மி.மீ., எங்கே?

வாணியம்பாடிக்காரன், பெங்களூர்

ரத்தக்குழாய்க்குள் விடும் கதீட்டர் குழாய் வடிவமைக்கிற வேலையில் 11 வருடமாக இருக்கிறேன். உன் எண்களைப் பார்த்ததும் எனக்குத் தோன்றிய முதல் கேள்வி: யு வளைவில் நீண்ட ஷீத் போட்டாயா, இல்லை டெலிவரி சிஸ்டத்தை 8 மி.மீ. குழாய்க்குள் அப்படியே விட்டாயா? அப்படியே விட்டிருந்தால் உன் 5 மி.மீ. எங்கே என்று பேப்பரில் ஒரு வரிக் கணக்கில் சொல்லிவிடலாம்.

உன் சிஸ்டம் 6 பிரெஞ்ச் என்று வைத்துக்கொள்கிறேன். 3 பிரெஞ்ச் ஒரு மி.மீ., ஆக 2 மி.மீ. தடிமன். 8 மி.மீ. குழாய்க்குள் அது பக்கவாட்டில் 6 மி.மீ. வரை அலையலாம். தள்ளிக்கொண்டு போகும்போது அது வளைவின் வெளிச்சுவரை ஒட்டிப் போகும். இழுக்கும்போது உள்சுவருக்கு வரும். ரோட்டின் வளைவில் உள்பக்கம் போகிறவனுக்குத் தூரம் குறைவு, அவ்வளவுதான் விஷயம். அரைவட்டத்தில் குழாய் பக்கவாட்டில் எத்தனை நகர்கிறதோ அதைப் பை மடங்கு ஆக்கினால் மிச்சமாகும் நீளம் வரும். 2 மி.மீ. நகர்ந்தால் 6.28 மி.மீ. மிச்சம். கைப்பிடியை அசையாமல் பிடித்துக்கொண்டிருக்கிறாய், வழி குறுகிவிட்டது, மிச்ச நீளம் எங்கே போகும்? நுனி வழியாக முன்னால் போகும். ஆற்காட்டு அண்ணன் சொன்ன பின்னிழுப்பு, விடுவிப்பதற்கு முன்பே குழாயை உள்சுவருக்குக் கொண்டுவந்துவிடுகிறது. அதனால்தான் உனக்குப் பாதி குறைந்தது.

ஆபரேஷனில் அந்த வளைவைத் தாண்டி எதிர்க்கால் வரை நீண்ட ஷீத் போட்டிருப்பார்கள். அதன் உள்விட்டம் சிஸ்டத்தை விடச் சற்றே பெரிது. அலைய 0.2 மி.மீ. இடம்தான் என்றால் மிச்ச நீளம் 0.6 மி.மீ. அதனால் உன் மேசை, நைனாவுக்கு நடந்ததை அப்படியே காட்டவில்லை. முதலில் ஷீத்தைப் போடு.

இரண்டாவது, அந்த 9 மி.மீ. கைப்பிடியில் உருட்டியும் நுனி அசையாதது. சைக்கிள் பிரேக் கேபிளை நினைத்துக்கொள். உள்ளே கம்பி, வெளியே உறை. உன் சிஸ்டத்தில் அது தலைகீழ்: வெளி உறையை இழுக்கிறாய், உள் தண்டு ஸ்டென்டின் முதுகில் முட்டுக் கொடுத்து அதைப் பிடித்து நிறுத்துகிறது. உறை எத்தனை விசையில் இழுபடுகிறதோ, உள் தண்டு அத்தனை விசையில் அழுந்துகிறது. உறை நீள்கிறது, தண்டு சுருங்குகிறது, சில இடத்தில் பாம்பு மாதிரி நெளிகிறது. 1,200 மி.மீ. நீளத்தில் அரை சதவீதம் நீண்டாலே 6 மி.மீ. ஆகிவிடும். 

வளைவு இதைப் பெருக்கும். மாட்டுக் கயிற்றை முளையில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்தால் சின்னப் பையன்கூடக் காளையை நிறுத்திவிடுவான். அதே உராய்வு இங்கே நமக்கு எதிராக வேலை செய்கிறது. உராய்வுக் கெழு 0.2, வளைவு அரைவட்டம் என்றால், நுனியில் 10 நியூட்டன் வேண்டுமென்றால் கைப்பிடியில் ஏறத்தாழ 19 நியூட்டன் இழுக்க வேண்டும். கெழுவை 0.1 ஆக்கிவிட்டால் 14 நியூட்டன் போதும். உறையின் உட்பக்கம் டெஃப்லான் பூச்சுக்கு நாங்கள் உயிரை விடுவது இதனால்தான்.

இத்தனை விசையும் குழாய்க்குள் சேர்ந்துகொண்டே வருகிறது. அசையாத உராய்வு அதிகம், அசைய ஆரம்பித்த பின் உராய்வு குறைவு. உறை ஒரு தடவை விட்டுக்கொடுத்ததும் நீண்டிருந்த உறை வெடுக்கென்று பின்னால் சுருங்கும், அழுந்தியிருந்த தண்டு முன்னால் நிமிரும், ஸ்டென்ட் தாவும். மோட்டார் கேள்விக்கு இதுதான் பதில். மோட்டார் கைப்பிடியை 0.1 மி.மீ. துல்லியத்தில் ஓட்டும், நுனிக்கு அது தெரியாது. நடுவில் ஒரு ஸ்பிரிங் கிடக்கும்போது ஒரு முனையைத் துல்லியமாக இழுத்து என்ன பயன்? காசைக் குழாயில் போடு, கைப்பிடியில் போடாதே. ஆனால் சோதனைக்கு மோட்டார் நல்லது. 20 தடவையும் ஒரே வேகத்தில் இழுக்கும், உன் கட்டைவிரலின் வித்தியாசம் கணக்கில் சேராது. சத்துவாச்சாரி அண்ணனிடம் அதற்காக வாங்கிக்கொள்.

வேறு என்ன செய்யலாம்? மூன்றாவது குழாய் ஒன்று. டெலிவரி சிஸ்டத்துக்கு வெளியே, கைப்பிடியோடு இறுக்கிய, அசையாத குழாய். அது ஷீத்தின் வாய்க்குள் கொஞ்சம் நுழைந்து நிற்கும். பின்னால் வருகிற உறை ஷீத்தின் வாயைத் தொடாமல் இந்த அசையாக் குழாய்க்குள்ளேயே வரும். இது இல்லாவிட்டால், உறை ஷீத்தின் வால்வில் உரசிப் பின்னால் வரும்போது, கை தெரியாமல் முழு சிஸ்டத்தையும் முன்னால் ஊட்டிவிடும். இப்போது வரும் நல்ல சிஸ்டங்கள் பலவற்றில் இந்த மூன்று அடுக்கு உண்டு. டெமோ பீஸில் இல்லையென்றால் நீயே ஒரு குழாயைச் செருகிப் பார்க்கலாம். உள் தண்டுக்கு மெல்லிய ஸ்டீல் குழாய் வைத்தால் சுருங்காது. ஆனால் வளையாது, வளைவைத் தாண்டும் நுனிப் பக்கத்துக்கு ஆகாது. எங்கே ஸ்டீல் முடிந்து எங்கே பிளாஸ்டிக் ஆரம்பிக்க வேண்டும் என்பதில்தான் எங்கள் சண்டையெல்லாம்.

ஒரு எச்சரிக்கை. ஒரே ஸ்டென்டை எத்தனை தடவை ஏற்றினாய்? 30 தாண்டியிருந்தால் உறையின் உள்பூச்சு கீறியிருக்கும். இனிமேல் எடுக்கிற எண் ஸ்டென்டைப் பற்றிச் சொல்லாது, கீறலைப் பற்றித்தான் சொல்லும். ஒவ்வொரு 5 தடவைக்கும் இழுவிசையைத் தராசில் குறித்து வை. அது ஏறிக்கொண்டே போனால் உறையை மாற்று. 37 டிகிரி விடாதே. நிட்டினால் குளிரில் இளகும், சூட்டில் விறைக்கும். 25 டிகிரியில் எடுத்த எண்ணுக்கும் 37இல் எடுத்த எண்ணுக்கும் சம்பந்தம் இருக்காது. சிலிகான் குழாய் ரத்தக்குழாயை விட ஒட்டும், தண்ணீரில் கொஞ்சம் பாத்திரம் தேய்க்கும் சோப்புத் திரவம் விடு.

வாலாஜாபேட்டை, அம்மாவுக்காகக் கேட்கிறேன்

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். என் அம்மாவுக்கு அடுத்த வாரம் காலில் ஸ்டென்ட். இதைப் படித்ததும் பயமாக இருக்கிறது. இப்படித் தாவினால் கால் போய்விடுமா?

ரத்தக்குழாய் அறுவை மருத்துவர், ஓய்வு, வேலூர்

முதலில் வாலாஜாபேட்டை அம்மாவின் பிள்ளைக்கு. பயப்பட வேண்டாம். தொடைத் தமனியின் நடுப்பகுதியில் ஸ்டென்ட் 5 மி.மீ. முன்னால் போனால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அடைப்புக்கு மேலும் கீழும் நல்ல சுவரில் கொஞ்சம் சேர்த்துத்தான் வைக்கிறோம். உங்கள் டாக்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: அடைப்பு கிளை பிரியும் வாயில் இருக்கிறதா, நடுவில் இருக்கிறதா? நடுவில் என்றால் நிம்மதியாக இருங்கள்.

குடியாத்தம் மகளே, இனி உனக்கு. உன் தந்தையின் அடைப்பு அந்த வாயில்தான் இருந்தது. பொறியியல் நண்பர்கள் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. எந்த முனை முதலில் திறக்கிறது என்பது.

தானாக விரியும் ஸ்டென்டில், மருத்துவரின் கைக்குத் தூரத்தில் இருக்கும் முனைதான் முதலில் திறக்கும். உறை பின்னால் வருகிறதல்லவா? முதலில் திறக்கும் முனையைப் பார்த்துப் பார்த்து வைக்கலாம். கடைசியில் திறக்கும் முனை விழும் இடத்தில் விழும். அதற்குள் சேர்ந்த பிசகு எல்லாம், ஸ்டென்ட் விரியும்போது நீளத்தில் சற்றுக் குறைவது உட்பட, அந்தக் கடைசி முனையில்தான் வந்து நிற்கும். உன் தந்தைக்கு எதிர்க்காலிலிருந்து, மேலிருந்து கீழாக வந்திருக்கிறார்கள். முதலில் திறந்தது முழங்கால் பக்க முனை. அங்கே 5 மி.மீ. யாருக்கும் கவலையில்லை. துல்லியம் தேவைப்பட்ட மேல்முனையோ கடைசியில் திறந்தது.

பின் ஏன் மேலிருந்து வந்தார்கள் என்று கேட்பாய். வழி அதுதான் பழகியது, பாதுகாப்பானது. முழங்காலுக்குப் பின்னாலோ கணுக்காலிலோ குத்திக் கீழிருந்து மேலே போனால் அந்த வாயில் உள்ள முனை முதலில் திறக்கும், துல்லியம் கிடைக்கும். ஆனால் சர்க்கரை நோயாளியின் சின்னத் தமனியில் ஒரு புதுத் துளை, அதற்கென்று ஒரு ஆபத்து. இடுப்புக்குள் இருக்கும் பெருந்தமனிக் கிளையின் வாயில் வைக்கும்போது அதே பக்கத்துக் கவட்டையிலிருந்து மேலே போகிறோம். அங்கே முதலில் திறப்பது வாயில் உள்ள முனை. அந்த இடத்துக்குப் பலூனால் விரிக்கும் ஸ்டென்டையே பெரும்பாலும் எடுப்போம், தாவல் என்ற பேச்சே இல்லை. தொடையில் அதை வைக்கத் தயங்குவோம். உட்கார, எழ, குந்த என்று தொடை ஓயாமல் மடங்கி நீள்கிறது. பலூன் ஸ்டென்ட் நசுங்கினால் நசுங்கியதுதான், நிட்டினால் மறுபடி எழும்.

இன்னொன்றும் உனக்குத் தெரிய வேண்டும். அந்த வாய்க்குப் பக்கத்திலேயே தொடையின் ஆழ்தமனி பிரிகிறது. மேல் தமனி அடைத்த காலை இத்தனை நாள் உயிரோடு வைத்திருந்தது அந்த ஆழ்தமனிதான். ஸ்டென்ட் 3 மி.மீ. மேலே போய் அதன் வாயை மறித்தால், பிற்காலத்தில் ஸ்டென்ட் அடைக்கும் நாளில் கால் போகும் ஆபத்து உண்டு. கீழே 5 மி.மீ. போனால் இன்னொரு ஸ்டென்ட், கூடுதல் செலவு. இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு கீழே போவேன். அந்த சிடியை நான் பார்க்கவில்லை. ஆனால் அன்றைக்கு அங்கே நின்றவர் கொஞ்சம் கீழே குறிவைத்தே ஆரம்பித்திருக்கலாம். அந்த 5 மி.மீ. முழுவதும் தாவல் என்று எண்ணிக் கணக்குப் போடாதே. விடுவிக்கத் தொடங்கும் முன் உள்ள படத்தில் மேல்முனைக் குறி எங்கே இருந்தது என்று அளந்து பார். சிஸ்டத்தில் ஸ்டென்டின் இரு முனைக்கும் உலோகக் குறி இருக்கும்.

1964 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லேண்டில் சார்லஸ் டாட்டர், காலை எடுக்கச் சம்மதிக்காத 82 வயது மூதாட்டி ஒருவருக்கு இதே தொடைத் தமனியைத்தான் கதீட்டரால் அகட்டினார். ரத்தக்குழாயை உள்ளிருந்தே திறக்கும் இந்த வைத்தியம் தொடங்கியது இந்தத் தமனியில். இத்தனை வருடம் கழித்தும் இந்தத் தமனியின் வாய் எங்களைப் படுத்துகிறது.

வடிவமைப்பில் கை வைக்க விரும்பினால் என் ஆசையைச் சொல்கிறேன். பெருந்தமனிக்கு வைக்கும் பெரிய, துணி போர்த்திய ஸ்டென்ட் கிராஃப்டுகள் சிலவற்றில், உறையை இழுத்த பின்னும் ஒரு முனை மட்டும் கவ்விக்குள் பிடிபட்டே இருக்கும். இடம் சரிதான் என்று பார்த்த பிறகு அந்தக் கவ்வியைத் தனியாக விடுவிப்போம். தொடையளவு சின்ன சிஸ்டத்தில், கைப் பக்கத்து முனைக்கு அப்படி ஒரு பிடி இருந்தால், கடைசி முனையையும் பார்த்து வைக்கலாம். 2 மி.மீ. தடிமனுக்குள் அதை அடக்குவது எத்தனை கஷ்டம் என்று வாணியம்பாடித் தம்பிக்குத் தெரியும்.

வாணியம்பாடிக்காரன், பெங்களூர்

தெரியும் டாக்டர். கவ்விக்கு ஒரு கம்பி, அந்தக் கம்பிக்கு உள் தண்டில் ஒரு வழி. தண்டு மெலியும், மெலிந்தால் சுருங்கும், சுருங்கினால் தாவும். ஆனாலும் 7 பிரெஞ்ச் வரை போக அனுமதித்தால் யோசிக்கலாம். நீங்கள் சொன்ன எந்த முனை முதலில் என்பதை நான் இத்தனை வருடத்தில் மருத்துவர் பக்கத்திலிருந்து நினைத்துப் பார்த்ததில்லை.

தறிவீடு, குடியாத்தம்

டாக்டர் ஐயா, அளந்துவிட்டேன். விடுவிக்கும் முன் உள்ள படத்தில் மேல்முனைக் குறி, தமனி பிரியும் வாய்க்கு ஏறக்குறைய 3 மி.மீ. கீழேயே இருக்கிறது. ஸ்டென்டின் இரு முனைக் குறிகளுக்கும் நடுவில் உள்ள 100 மி.மீ. நீளத்தை வைத்துத்தான் கணக்குப் போட்டேன், காலடி ஸ்கேலை வைத்து இல்லை அண்ணா. ஆக 5 மி.மீ.யில் 3 அவர் தெரிந்தே விட்டது. தாவியது 2 மட்டும். ஒரு வருடமாக நான் வேறு மாதிரி நினைத்துக்கொண்டிருந்தேன். நைனாவிடம் சொன்னேன். ஆழ்தமனி எங்கே இருக்கிறது என்று தொடையைத் தொட்டுக் காட்டச் சொன்னார்.

உறையை மாற்றிவிட்டு எடுத்த மேசைக் கணக்கு இது. யு வளைவில் நீண்ட ஷீத், வெளியே அசையாக் குழாய், தாண்டிப் போய்ப் பின்னிழுப்பு, முதல் ஒரு செ.மீ. மெதுவாக. 100 மி.மீ. ஸ்டென்டில் 10 தடவையும் 1.5 மி.மீ.க்குள் வந்துவிட்டது. பழைய உறையில் முதலிலிருந்தே தராசில் குறித்து வைத்திருந்த இழுவிசையைப் பார்த்தேன், 24ஆவது தடவையிலிருந்து ஏறியிருக்கிறது. அதற்குப் பிறகு எடுத்த பழைய எண்களை எல்லாம் அடித்துவிட்டேன்.

அசையாக் குழாயைப் பிடித்துக்கொண்டது நைனாதான். இழுவையைப் பற்றி விளக்கினேன். பாவு தளர்ந்திருந்தால் நாடா எத்தனை நேராகப் போனாலும் கரை வளையத்தான் செய்யும், ஓட்டுகிறவன் கையைச் சொல்லிப் பயனில்லை என்றார். அறிக்கையின் முதல் பக்கத்தில் இதை அவர் பெயரோடு எழுதப் போகிறேன்.

ஒரு பிரச்சினை மட்டும் மிச்சம். 30 மி.மீ. நீளக் குட்டி ஸ்டென்ட் ஒன்றும் இருக்கிறது. அது எல்லாம் சரியாகச் செய்தும் 3 மி.மீ. தாவுகிறது. கடைசி 8 மி.மீ. உறைக்குள் இருக்கும்போது புளியங்கொட்டையை இரண்டு விரலுக்கு நடுவில் அழுத்தின மாதிரி வழுக்கிப் பாய்கிறது. நீளம் குறைந்தால் உராய்வு குறைய வேண்டும், தாவலும் குறைய வேண்டும் என்றல்லவா நினைத்தேன்?

வாணியம்பாடிக்காரன், பெங்களூர்

புளியங்கொட்டை சரியான பெயர். உறையின் விளிம்பில் ஸ்டென்ட் பாதி விரிந்து ஒரு சரிவு போட்டிருக்கும். விரியும் விசை அந்தச் சரிவு வழியாகத் தன்னையே முன்னால் தள்ளும். நீள ஸ்டென்டில் அதற்குள் 9 செ.மீ. சுவரைக் கவ்வியிருக்கும், அந்தப் பிடி தள்ளலைத் தாங்கிவிடும். குட்டியில் கவ்வியது 2 செ.மீ.தான், பிடி போதாது. உள் தண்டில் ஸ்டென்டின் கைப் பக்கத்து முனைக்கு அடியில் மெல்லிய ரப்பர் பட்டை ஒன்று வைத்து, விளிம்பைத் தாண்டும் வரை அது பிடிக்கிறதா என்று பார். 0.1 மி.மீ. தடிமனுக்கு மேல் வேண்டாம், மேலே போனால் உறையே இழுபடாது.

கேத் லேப் 16 வருடம், ஆற்காடு

குட்டியை விடுவிக்கும்போது எங்கள் டாக்டர் கடைசி ஒரு செ.மீ.க்கும் மறுபடி மெதுவாகப் போவார். சிஸ்டத்தை மயிரிழை பின்னால் இழுத்த மாதிரிப் பிடித்துக்கொண்டிருப்பார். நாளைக்கு ஒரு கேஸ் இருக்கிறது, எத்தனை பல் உருட்டி நிறுத்துகிறார் என்று எண்ணிச் சொல்கிறேன்.

தறிவீடு, குடியாத்தம்

காத்திருக்கிறேன் அண்ணா. ரப்பர் பட்டைக்குச் சைக்கிள் டியூபை 0.1க்கு இழைக்க முடியவில்லை, கையுறையிலிருந்து வெட்டியிருக்கிறேன். மைக்ரோமீட்டரில் 0.09. ஞாயிற்றுக்கிழமை 10 தடவை ஓட்டிவிட்டு எண்களை இங்கே போடுகிறேன்.